காதுக்காரிக்குச் சொல்லாதது

சாயங்காலம் சாமி விளக்கை ஏற்றிவிட்டு ஆவுடையம்மாள் திரும்புவதற்கும், காலண்டருக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டியிருந்த வட்டக் கருவி தொண்டையைச் செருமுவதற்கும் சரியாக இருக்கும். கருவிக்குத் தொண்டை கிடையாதுதான். ஆனாலும் பேசுவதற்கு முன்னால் மரியாதைக்கு ஒரு செருமல் செருமும்படி அதைச் செய்தவர்கள் பழக்கியிருந்தார்கள். அவர்கள் வைத்த பெயர் செவி. தூத்துக்குடியில் வைத்த பெயர் காதுக்காரி.

"வணக்கம். திரு. சுடலைமுத்து அவர்களின் உடல்நிலை இன்று எவ்வாறு உள்ளது?" அந்தக் காலத்து வானொலியில் செய்தி வாசிக்கிற குரல்.

"ஏதோ இருக்காவ," என்றாள் ஆவுடை.

"நேற்றைவிட மேம்பட்டுள்ளதா, குன்றியுள்ளதா?"

"அதான் சொன்னேம்லா. ஏதோ வண்டி ஓடுது."

"தலைவலி உண்டா?"

"தலைன்னு ஒண்ணு இருந்தா வலிக்காம இருக்குமா தாயி."

"களைப்பு?"

"வேலைக்குப் போற மனுசனுக்கு இல்லாத களைப்பா."

அந்தக் களைத்த மனுசன் அங்கேதான் தரையில் உட்கார்ந்து, சாளை மீன் குழம்பை ஊற்றி ஊற்றித் தோசைகளை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அத்தனை உயரத்தில் தனியாக உட்கார்ந்து பழகியதில் பேச்சு குறைந்து, பசி கூடியிருந்தது. மனைவி கண் காட்டியதும் வாயிலிருந்த தோசையை ஒதுக்கிக்கொண்டு, கருவியைப் பார்த்து லேசாக இருமினார்.

"நன்றி. பதிவு செய்துகொண்டேன்," என்றுவிட்டுக் காதுக்காரி ஓய்ந்தது.

"மிஷினுக்கு ஏதுட்டி கண்ணு, இப்படிப் பயப்படுத?" என்றார் சுடலைமுத்து.

"கண்ணு இல்லன்னா என்ன, காது இருக்குல்லா. கேட்டுட்டுப் போய் எவகிட்ட சொல்லுதோ. விளக்கு வச்ச நேரத்துல எந்தப் பொம்பளையாவது 'என் புருசன் நல்லா இருக்காவ'ன்னு வாய்விட்டுச் சொல்லுவாளா அத்தான்?"

அவர் அதற்கு மேல் வாதாடவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தன் புருஷனுக்கு நல்ல புத்தி இருக்கிறது என்று ஆவுடைக்குத் திருப்தி. கண் காட்டினால் போதும், இருமிவிடுவார்.

சுடலைமுத்துவுக்கும் அவர் தங்கை செண்பகத்துக்கும் பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு குறை. டாக்டர்கள் அதை நீளமாகச் சொல்லுவார்கள். ஆவுடை தன் பியூட்டி பார்லரில், புருவம் திருத்துகிற நூலைப் பல்லில் கடித்தபடியே சொல்லி முடித்துவிடுவாள்.

"நம்ம எல்லார் ரத்தத்துலயும் ஒட்டுற நூல் ஒண்ணு ஓடுது, கேட்டியளா. எங்கயாவது காயம் பட்டா அதுதான் ஓடிப் போய் அடைக்கும். நீளமா விட்டா அதுவே சிக்கு விழுந்திரும்லா? அதனால கூடவே ஒரு கத்திரியும் ஓடும். நறுக்கு நறுக்குன்னு வெட்டிக்கிட்டே போவும். எங்க வீட்டு அண்ணன் தங்கச்சிக்கு அந்தக் கத்திரி கெடையாது."

"ஏன்க்கா கெடையாது?"

"எங்க அத்தை சொந்தத் தாய்மாமனையே கட்டிக்கிட்டாவ. ரெண்டு பேர்கிட்டயும் குடும்பத்துப் பழுது ஒண்ணே இருந்திருக்கு. அவியளுக்கு ஆளுக்கொரு நல்ல கத்திரியும் இருந்துச்சு, தப்பிச்சிட்டாவ. பிள்ளையளுக்கு ரெண்டும் பழுதா வந்து சேந்துட்டு. கண்ணை மூடுங்க, இழுக்கப் போறேன்."

"சிக்கு விழுந்தா?"

"மூளைக்குப் போற மயிரிழைக் குழாய்ல விழுந்தா பேச்சு குழறும். கிட்னில விழுந்தா அது நின்னுபோவும். வயித்துப் பிள்ளைக்காரிக்கு விழுந்தா..." ஆவுடை நூலை இழுத்தாள். "எங்க செண்பகத்துக்கு ரெண்டு தரம் தங்கலயே."

முன்பெல்லாம் இந்தக் குறைக்கு அடுத்தவர் ரத்தத்தின் தெளிநீரை, அதாவது பிளாஸ்மாவை, வாங்கி ஏற்றுவார்கள். இப்போது மதுரைப் பக்கம் கத்திரிக் கூடம் என்ற இடத்தில், ஒரு பெரிய தொட்டியில் கத்திரிப் புரதத்தையே வளர்த்து எடுத்தார்கள். வாரா வாரம் குளிர்பெட்டியில் குப்பிகள் வந்து இறங்கும். ஊசியை அவரவரே போட்டுக்கொள்ளலாம். யாருக்கு எத்தனை குப்பி என்பதைத் தீர்மானிப்பது காதுக்காரி. மாதம் ஒருமுறைதான் ரத்தப் பரிசோதனை. அதற்கு நடுவில் சிக்கு விழத் தொடங்கினால் உடம்பு முதலில் சொல்லும், உடம்புக்காரர் அதை வாயால் சொல்லுவார், அதைக் கேட்டு மருந்தைக் கூட்டிக் குறைத்தால் போதும் என்பது திட்டம் போட்டவர்களின் நம்பிக்கை. நல்ல நம்பிக்கைதான். அவர்கள் யாரும் தூத்துக்குடியில் பெண் எடுத்ததில்லை.

காதுக்காரி ஆவுடையின் 'ஏதோ'வைக் கேட்டுக் கேட்டுச் சுடலைமுத்துவுக்குக் குப்பிகளைக் கூட்டிக்கொண்டே போனது. ஆவுடைக்கு அது தெரியாது. பெட்டியைத் திறப்பதும், உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஊசி போட்டுக்கொள்வதும் அவர் வேலை. ஆவுடைக்குத் தெரிந்ததெல்லாம், ஞாயிற்றுக்கிழமையானால் அவர் ஒரு மக்ரூன் பெட்டியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கோவில்பட்டிக்குப் பஸ் ஏறுகிறார் என்பதுதான்.

"வாராவாரம் மக்ரூனா அத்தான்? உங்க தங்கச்சிக்கு இருக்கிற நோய் பத்தாதுன்னு சர்க்கரையும் வரணுமா?"

"பிறந்த வீட்டுலருந்து ஒண்ணு போவணும்லா."

"நான் வேண்டாங்கலயே. எனக்கும் ரெண்டு எடுத்து வச்சுட்டுப் போங்கன்னுதான் சொல்லுதேன்."

அவர் எடுத்து வைத்ததில்லை. பெட்டியைத் திறக்கவே மாட்டார். கஞ்சன் என்று ஆவுடை நினைத்துக்கொண்டாள்.

*

டாக்டர் நறுமுகை பார்லருக்குள் வந்தபோது ஆவுடை நிமிர்ந்து பார்த்து, "புருவம் நல்லாத்தான் இருக்கு. பேஷியலா?" என்றாள்.

"நான் கத்திரிக் கூடத்துல இருந்து வர்றனுங்க அக்கா. சுடலைமுத்துங்கிறவரோட சம்சாரம் நீங்கதானுங்களா?"

கோபிச்செட்டிப்பாளையத்துப் பேச்சு. அதைக் கேட்டதும் ஆவுடைக்கு ஆளைப் பிடித்துவிட்டது. நாற்காலியைச் சுழற்றி உட்கார வைத்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுங்க. உங்க வீட்டுக்காரருக்கு நெசமாவே உடம்பு எப்படிங்க இருக்குது?"

"ஏதோ இருக்காவ."

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "இதைத்தானுங்க கேக்க வந்தேன். மதுரைக்குத் தெக்க இருக்கிற நம்ம நோயாளிங்க வீட்டுல, ஒருத்தர்கூட இதுவரைக்கும் நல்லா இருக்கேன்னு சொன்னதில்லீங்க. செவி போட்டுக் குடுத்த படத்தைப் பாத்தா, இந்தப் பக்கம் அத்தனை பேரும் இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்காங்க."

"வாயைக் கழுவுங்க டாக்டரம்மா."

"நான் சொல்லலீங்க, நீங்கதான் சொல்றீங்க. அதுல உங்க வீட்டுக்காரர்தான் முதல். இங்க வேற யாருக்கும் இத்தனை குப்பி போறதில்லீங்க. போட்டும், சோதிச்சுப் பாத்தா ரத்தத்துல அளவு ஏறவே காணோம். உடம்பு வேகமாக் கரைச்சுருதுன்னு செவி நினைக்குது. நீங்களும் ஏதோங்கறீங்க. அது இன்னும் கூட்டுது."

"கூட்டுனா நல்லதுதான?"

"தொட்டி ஒண்ணுதானுங்க அக்கா. இங்க கூட்டுனா வேற எங்கயோ குறையும். திண்டுக்கல்ல ஒரு பாப்பா இருக்கு. அவங்கம்மா பம்பாய்ல பொறந்து வளந்தவங்க. இந்தப் பயமெல்லாம் தெரியாது. செவி கேட்டப்ப சந்தோசமா 'என் மக நல்லா ஓடியாடி விளையாடுறா'ன்னு சொல்லிட்டாங்க. அன்னிக்கே அதுக்குக் குறைச்சுருச்சு. போன மாசம் பள்ளிக்கூடத்துல மயங்கி விழுந்துருச்சுங்க."

ஆவுடை கையிலிருந்த நூல்கண்டைக் கீழே வைத்தாள்.

"இப்ப எப்படி இருக்கு பிள்ளை?"

"தேறிருச்சு. ஆனா அவங்கம்மாவும் இப்ப ஏதோன்னு சொல்லப் பழகிட்டாங்க."

ஆவுடை சுற்றுமுற்றும் பார்த்தாள். வாடிக்கைக்காரிகள் யாரும் இல்லை. எழுந்து வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, டாக்டரின் காதருகே குனிந்தாள்.

"நல்லா இருக்காவ," என்றாள். "கல்லு மாதிரி இருக்காவ. நான்தான் சொல்லல."

"என்கிட்ட சொல்லிப் பிரயோசனம் இல்லீங்க. அதுகிட்ட சொல்லோணும்."

அன்று சாயங்காலம் ஆவுடை சன்னல்களை எல்லாம் அடைத்தாள். கல்யாணப் பெண்களுக்குக் காதுக்குப் பின்னால் வைக்கிற மையை எடுத்து, கருவியின் கன்னம் மாதிரித் தெரிந்த இடத்தில் ஒரு பொட்டு வைத்தாள். உப்பையும் மிளகாய் வற்றலையும் இடது கைக்குள் பொத்திக்கொண்டு நின்றாள். செருமல் கேட்டது. கேள்வி வந்தது.

"நல்லா இருக்காவ," என்று முணுமுணுத்தாள்.

"மன்னிக்கவும். தெளிவாகக் கேட்கவில்லை. மீண்டும் சொல்லவும்."

"நல்லா இருக்காவ."

"சற்று உரக்கச் சொல்ல முடியுமா?"

"அவிய நல்லா இருக்காவ. தலைவலி இல்ல, களைப்பு இல்ல, தோசைக்கல்லு ஆற விட மாட்டேங்காவ. போதுமா?"

பக்கத்து வீட்டில் டி.வி. சத்தம் சட்டென்று குறைந்தது.

"மிக்க மகிழ்ச்சி. மனமார்ந்த வாழ்த்துகள்," என்றது காதுக்காரி கணீரென்று.

"வாழ்த்து வேற சொல்லுதா," என்று ஆவுடை தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த சுடலைமுத்துவிடம் விஷயத்தைச் சொன்னாள். திண்டுக்கல் பிள்ளையைப் பற்றியும் சொன்னாள். அவர் கை தட்டிலேயே நின்றது.

"நல்லா இருக்கேன்னு சொல்லிட்டியா?"

"உண்மையத்தான சொன்னேன்."

"சொல்லிருக்க வேண்டாம்ட்டி," என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார். தட்டில் முக்கால் தோசை கிடந்தது. கண்பட்ட மனுசனுக்குப் பசி போய்விட்டது என்று ஆவுடை சாயங்காலம் எடுத்துவைத்த உப்பு மிளகாயை அடுப்பில் போட்டாள். வற்றல் கமறவே இல்லை. அப்படியென்றால் கண் பட்டது நிச்சயம்.

*

குளிர்பெட்டியில் குப்பிகள் குறைந்து வந்தன. மக்ரூன் பெட்டி மட்டும் குறையாமல் கோவில்பட்டிக்குப் போனது. ஒருநாள் மத்தியானம், ஒரு பெண்ணுக்கு முடியில் சாயம் பூசிக்கொண்டிருந்தபோது செண்பகத்தின் புருஷன் மாடசாமி போனில் கூப்பிட்டார்.

"அக்கா, செண்பகத்துக்குப் பேச்சு குழறுது. தண்ணின்னு கேக்கா, குடுத்தா வாங்கத் தெரியல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துட்டோம். அத்தானையும் கூட்டிக்கிட்டு உடனே வாங்க."

சாயம் பூசிய பெண் பாதித் தலையோடு வீட்டுக்குப் போனாள்.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் செண்பகம் கண்ணை மூடிக் கிடந்தாள். கையில் தெளிநீர் இறங்கிக்கொண்டிருந்தது. போர்வைக்கு மேலே தெரிந்த வயிற்றைப் பார்த்ததும் ஆவுடை நின்ற இடத்திலேயே நின்றாள். பார்லர்காரி கண்ணுக்கு மாசக் கணக்குத் தப்பாது. ஐந்தாவது மாதம்.

மதுரையிலிருந்து குப்பிகளோடு வந்த நறுமுகை, முதல் ஊசியைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். வராந்தாவில் சுடலைமுத்து வேட்டியைத் தூக்கிக்கொண்டு பெஞ்சில் உட்காரப் போனார். டாக்டர் குனிந்து அவருடைய முழங்காலுக்குக் கீழே பார்த்தாள். எறும்பு கடித்ததுபோல் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள்.

"நீங்களுமாங்க?" என்றாள். "உங்களுக்குத்தான் போதுமான அளவு வந்துட்டு இருக்குதுங்களே. அது எங்கீங்க போச்சு?"

சுடலைமுத்து தரையைப் பார்த்தார். பிறகு பையிலிருந்த மக்ரூன் பெட்டியை எடுத்து மூடியைத் திறந்து, பெஞ்சில் வைத்தார். உள்ளே ஐஸ் பை. ஐஸ் பைக்கு நடுவே ஒரே ஒரு குப்பி. மக்ரூன் ஒன்றுகூட இல்லை.

"எத்தனை நாளா அத்தான்?" என்று கேட்டாள் ஆவுடை.

"பிள்ளை உண்டானதுலருந்து. வயித்துப் பிள்ளைக்காரிக்கு நிறைய வேணும்னு செண்பகம் சொன்னா. நீ ஏதோ ஏதோன்னு சொன்னதுல எனக்கு மிச்சம் வந்துச்சு. மிச்சத்தைத்தான் கொண்டுபோனேன்."

"அப்புறம் நான் நல்லா இருக்காவன்னு சொன்னனே."

"அப்புறம் மிச்சம் இல்ல. என்னோடதுல கொண்டுபோனேன்."

நறுமுகை தலையை ஆட்டிக்கொண்டாள். அவர் ரத்தத்தில் அளவு ஏறாததும், மனைவியின் 'ஏதோ'வும், ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிச் செவியை ஏமாற்றியிருந்தன.

"அவங்க கர்ப்பம்னு செவிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருந்தா அவங்களுக்கே நாலு மடங்கு வந்திருக்குமேங்க. தினமும் கேட்டிருக்குது. தினமும் 'அப்படியேதான் இருக்கேன், ஒண்ணும் மாத்தமில்ல'ன்னு சொல்லிருக்காங்க."

மாடசாமிதான் பதில் சொன்னார். "போன தரம் சொன்னா டாக்டர். மொத மொதல்ல அதுகிட்டதான் சொன்னா. வீடு நிறைய ஆளு இருக்கையில அது மனமார்ந்த வாழ்த்துகள்னு தெருவுக்கே கேக்க சொல்லிச்சு. மறுவாரம் பிள்ளை இல்ல. இந்தத் தரம் அண்ணனைத் தவிர யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னுட்டா."

"என்கிட்டயும் சொல்லலயே," என்றாள் ஆவுடை.

மாடசாமி இருமினார். "மைனிகிட்ட சொன்னா விளாத்திகுளம் வரைக்கும் போயிரும்னு சொன்னா அக்கா. வேடிக்கையாத்தான் சொன்னா."

ஆவுடை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உண்மையைச் சொல்லாமல் இருந்தவரைக்கும் நாத்தனார் பிழைத்துக் கிடந்தாள். தான் வாயைத் திறந்து சொன்ன ஒரே ஒரு உண்மை இரண்டு பேரைக் கொண்டுவந்து இங்கே போட்டிருக்கிறது. சொல்லாமலே இருந்திருந்தால் அந்தத் திண்டுக்கல் பிள்ளை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பிள்ளை நின்றது.

"இன்னிக்குத் தேவையானதை நான் போட்டுட்டேனுங்க, அண்ணனுக்கும் போட்டுடறேன்," என்றாள் நறுமுகை. "பிரசவம் வரைக்கும் வேணும்னா செவிதான் கணக்குப் போடோணும். எப்ப ஆரம்பிச்சுது, எவ்வளவு வேகத்துல கரையுதுன்னு அதுக்குத் தெரியோணும். அதுகிட்ட இருக்கிறதெல்லாம் 'அப்படியேதான் இருக்கேன்'. அவங்க கண்ணு முழிச்சுச் சொல்ற நிலைமையிலயும் இல்ல. அவருக்கும்..." மாடசாமியைப் பார்த்தாள்.

"நான் காலைல தீப்பெட்டி ஆபீசுக்குப் போனா ராத்திரிதான் வருவேன் டாக்டர். நல்லாத்தான் இருந்தா."

"நான் சொல்லுதேன்," என்றாள் ஆவுடை. "காதுக்காரிய எங்க, குடுங்க."

நறுமுகை தன் கைக்கருவியை எடுத்துக் கொடுத்தாள். செருமல் கேட்டது.

"வணக்கம். திருமதி செண்பகம் பற்றி..."

"நீ பேசாத. நான் சொல்லுதத மட்டும் கேளு," என்று ஆவுடை பெஞ்சில் சம்மணம் போட்டாள். "பங்குனி உத்திரத்துக்கு முந்தி இவளைப் பாக்க வந்தேன். அப்பவே நகத்துல ரத்தம் இல்ல. வெள்ளையா இருந்துச்சு, நெயில் பாலிஷ் போடவான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டா. கேட்டா போட்டுக்கிடுவாளே, ஏன் வேண்டாங்கான்னு நினைச்சேன். அடுத்த தரம் தலை பின்னி விட்டேன். உச்சியில சீப்பு பட்டதும் முகத்தைச் சுளிச்சா. அவளுக்குத் தலைவலி வந்தா அப்படித்தான், வாய்ல சொல்ல மாட்டா. அதுக்கடுத்த தரம் முழங்கைக்கிட்ட ஊதாக் கலர்ல ஒரு தழும்பு. வளையல் இடிச்சிட்டு மைனின்னா. அன்னைக்கு அவ வளையலே போடல."

"தொடருங்கள்," என்றது காதுக்காரி.

"நான் புருசன் பொஞ்சாதி சண்டையாக்கும்னு நினைச்சேன். கோவிச்சுக்கிடாதீங்க தம்பி. போன மாசம் சாளைக் கருவாடு கொண்டுவந்தேன். உசிரை விடுவா அதுக்கு. தொடல. அப்புறம் போன்ல பேசையில ஒண்ணு கவனிச்சேன். நான் ஒருத்தியப் பத்திச் சொன்னா உடனே சிரிப்பா. இப்ப நான் சொல்லி முடிச்சு, மூச்சு விட்டு, அதுக்கப்புறம்தான் சிரிப்பு வருது. அது சித்திரை கடைசியிலருந்து."

"தொடருங்கள்."

ஆவுடை தொடர்ந்தாள். மாடசாமி வாங்கி வந்த காபி பக்கத்தில் ஆடை கட்டியது. அவள் முடித்தபோது, கைக்கருவியில் ஒரு கோடு எழும்பி வளைந்து இறங்குவதை நறுமுகை பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மாதத்துச் செண்பகம் முழுசாக அதில் இருந்தாள்.

"ஏனுங்க அக்கா," என்றாள் டாக்டர் மெதுவாக. "இத்தனை நாளா செவி உங்ககிட்ட கேட்டதுக்கெல்லாம் ஏதோங்கிற ஒரே சொல்லுதானுங்க கிடைச்சுது."

"அது எங்க வீட்டு விசயம்லா."

"இது?"

"இது அடுத்த வீட்டு விசயம்."

டாக்டர் சிரிக்கவில்லை. ஊருக்குப் போகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனாள்.

*

அடுத்த மாதமே கத்திரிக் கூடம் ஏற்பாட்டை மாற்றிவிட்டது. இனி யாரும் தன் உடம்பைப் பற்றியோ, தன் வீட்டு ஆளைப் பற்றியோ சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு நோயாளியும் தன்னை நன்றாகக் கவனிக்கிற வேறு வீட்டு ஆள் ஒருவரைச் சம்மதித்துக் காட்டினால் போதும். காதுக்காரி அவரிடம் கேட்டுக்கொள்ளும். சுடலைமுத்துவைப் பற்றிச் செண்பகம், செண்பகத்தைப் பற்றி ஆவுடை. வள்ளியூரில் ஒரு வாத்தியாரைப் பற்றிச் சொல்ல அவருடைய சம்பந்தி வந்தார். நாகர்கோவிலில் ஒருவரை எதிர்வீட்டுக்காரரே கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர், அதனால் ஒன்றுவிடாமல் கவனித்து வைத்திருந்தார். பேச்சை அள்ளி வைக்க இடம் போதாமல் காதுக்காரிக்குப் புதிதாக இடம் கட்ட வேண்டிவந்தது. தொட்டியில் புரதம் மட்டும் மிஞ்சத் தொடங்கியது. திண்டுக்கல் பிள்ளை ஓட்டப் பந்தயத்தில் பெயர் கொடுத்திருப்பதாக அதன் அடுத்த வீட்டுக்காரி சொன்னாள்.

செண்பகம் எழுந்து உட்கார்ந்து, நடந்து, வயிற்றைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கும் அளவுக்குத் தேறிவிட்டாள். ஒரு வார்த்தை ஆவுடையைக் கடிந்து சொல்லவில்லை. ஏன் மறைத்தாய் என்று ஆவுடை அவளைக் கேட்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை புருஷனோடு கோவில்பட்டிக்குப் போவாள். கண்ணால் ஒருமுறை அளந்துகொள்வாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவாள். பார்லரில் புருவம் திருத்துகிற பெண்கள் வெறும் நூல் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்கள். ஒருத்தி, "அக்கா, டி.வி.யாவது போடுங்க," என்றாள்.

ஒருநாள் விளக்கேற்றிவிட்டுத் திரும்பியதும் செருமல் கேட்டது.

"வணக்கம். செண்பகம் எப்படி இருக்காங்க?" கேட்டுக் கேட்டுக் காதுக்காரியின் பேச்சும் இப்போது கொஞ்சம் இறங்கி வந்திருந்தது.

"கால் வீக்கம் இல்ல. நகம் சிவப்பா இருக்கு. கருவாடு திங்கா. அவ்வளவுதான்."

"நன்றி. அடுத்த ஆள்."

"அடுத்த ஆளா? அவியளப் பத்திச் சொல்லத்தான் செண்பகம் இருக்காளே."

"அவரைப் பத்திச் சொல்லிட்டாங்க. இன்னொரு பேரும் சேர்த்திருக்காங்க. ஆவுடையம்மாள்."

"நான் என்ன நோயாளியா? எனக்குக் கத்திரி இருக்கு."

"நானும் அதைத்தான் சொன்னேன். 'மைனிக்கு வாயிலயும் ஒரு கத்திரி உண்டு, இப்ப அது வெட்ட மாட்டேங்கு'ன்னாங்க. வீட்டுக்கு வந்தா காபி குடிக்கதில்லையாம். தலை பின்னி விடுறதில்லையாம். தெருவுல யாரு யாரோட பேசுறதில்லன்னு ஒரு தகவல் இல்லையாம். இதெல்லாம் எப்போதிலிருந்துன்னு நாளோட சொல்லிருக்காங்க."

ஆவுடை சாமி விளக்கின் திரியைத் தூண்டிவிட்டாள்.

"தொட்டியில இதுக்கு மருந்து இல்லைன்னு சொன்னேன். மருந்து அவங்களுக்குத் தெரியுமாம். என்னைக் கேக்க மட்டும் சொன்னாங்க."

"என்ன கேக்கச் சொன்னா?"

"என் மேல மைனிக்கு என்ன கோவம்னு."

"கோவமா? எனக்கா? அவளைச் சாகக் குடுக்கப் பாத்தவ நான். எனக்கு என்ன கோவம்?" ஆவுடை பாயில் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் மூக்கைச் சிந்தினாள். காதுக்காரி பொறுமையாக இருந்தது. பொறுமையாக இருப்பது அதற்குத் தொழில்.

"இருக்கு," என்றாள் ஆவுடை கடைசியில். "கோவம் இல்லாம என்ன. கேட்டுக்கோ தாயி. அவ சடங்கானப்ப கூட இருந்தவ நான். ரெண்டு தரம் பிள்ளை போனப்பவும் அவ தலையை மடியில வச்சிருந்தவ நான். மூணாம் தரம் ஒரு வார்த்தை சொல்லல. கிரேன் மேல உக்காந்திருக்கிற மனுசன்கிட்ட சொல்லுதா, கூடப் பிறந்தவனாம். என் வாய் விளாத்திகுளம் வரைக்கும் போவுமாம்லா. நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்த விசயம் எத்தனை இருக்குன்னு இவளுக்குத் தெரியுமா? இவ அந்த டைப்பிங் வாத்தியாருக்கு எழுதின கடுதாசியை இன்னைக்கு வரைக்கும் எவகிட்டயாவது சொல்லிருக்கனா? அப்பேர்ப்பட்ட என்னைப் போய், கர்வம் பிடிச்ச கழுதை, மண்டைக்கனம், அப்படியே எங்க மாமனாரு..."

கருவிக்குள் யாரோ விக்கினார்கள். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு விக்கல். காதுக்காரிக்குச் செருமத் தெரியும், விக்கத் தெரியாது.

ஆவுடை நிறுத்தினாள்.

"ஏட்டி செண்பகம், நீயா?"

"நான் இல்ல மைனி," என்றது சுவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நீங்க சொல்லுங்க."